டால்டன் இல்லாத கல்யாண வீடியோ

ஓடெல் வித்ரினுக்கு டால்டன் ஆர்துவேனைப் பிடிக்காது. லூசியானாவில் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் ஓடெலோடு பதினெட்டு வருஷம் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மில்லுக்கு வருவதற்கு முன்னால் அவன் கடலில் எண்ணெய் தோண்டும் மேடையில் வேலை பார்த்தான். பதினாலு நாள் தண்ணீர், பதினாலு நாள் வீடு. எழுபத்தொன்பதில் ஒருமுறை வீடு திரும்பியபோது, மனைவி எர்லீன் ஆறு வயசு ஜனெலைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அடுத்த வருஷம் கறிக்கடை டால்டனைக் கட்டிக்கொண்டாள். டால்டன் யாருடைய குடும்பத்தையும் கெடுக்கவில்லை, அவன் பிறகு வந்தவன். எர்லீன் போனதை ஓடெல் ரெண்டு மூணு வருஷத்தில் மறந்துவிட்டான். மகளைத்தான் விட முடியவில்லை. ஜனெலுக்குப் பல் விழுந்தபோது, சைக்கிள் பழகியபோது, அம்மை போட்டபோது பக்கத்தில் இருந்தவன் டால்டன். அது ஓடெலுக்கு நெஞ்சில் மாட்டிய மீன்முள் மாதிரி.

பூதான் என்பது எங்கள் ஊர்ப் பண்டம், அதில் நல்லது டால்டன் கடையில்தான் கிடைக்கும். பன்றிக்கறி, ஈரல், சோறு எல்லாம் சேர்த்துக் குடலில் அடைத்தது. சனிக்கிழமை காலையில் அந்தக் கடையில் வரிசை நிற்கும். ஓடெல் அதைத் தொடமாட்டான். இருபது மைல் வண்டி ஓட்டிப்போய் வேறு ஊர்ப் பூதானை வாங்கி வந்து மில் வாசலில் எங்கள் முன்னால் உட்கார்ந்து தின்பான்.

"நல்லாருக்காடா?" என்று கேட்டால், "உப்பு சரியா இருக்கு" என்பான். உப்பைத் தவிர அதில் ஒன்றும் இருக்காது.

டால்டன் ஒரு நீல பிக்கப் வாங்கினால் அடுத்த மாதம் ஓடெல் அதைவிட ஒரு வருஷம் புதுசாக ஒன்று வாங்குவான். பழையதில் ஒரு குறையும் இருக்காது. டால்டனுக்கு இது தெரியுமோ தெரியாதோ, அவன் பாட்டுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போவான். அதுவும் ஓடெலுக்குக் கோபம்தான். "பாத்தியா, எப்படி ஆட்டுறான் பாரு" என்பான்.

தொண்ணூற்று நாலில் ஜனெலுக்குக் கல்யாணம் கூடியது. அவளே மில்லுக்கு வந்து, "டாடி, சர்ச்சுல நீதான் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள். மூணு நாள் ஓடெல் தரையில் நடக்கவில்லை. நாலாம் நாள், மண்டபமும் டால்டன் செலவு, பாட்டுக்காரர்களும் டால்டன் செலவு, பன்றி அவன் கடையிலிருந்தே வருகிறது என்று காதில் விழுந்தது.

"வீடியோ என்னுது" என்றான் என்னிடம். "சோறு அன்னைக்கே செரிச்சுடும். வீடியோ இருக்கும். நாளைக்கு ஜனெலோட பிள்ளைங்க அதைப் போட்டுப் பாக்கும். யாரு தாத்தான்னு அதுங்களுக்குத் தெரியணும். வேற எவனும் அதுல இருக்கக் கூடாது."

எங்கள் பக்கத்தில் வீடியோ என்றால் பெர்சி டுவேதான். வாரநாளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார். சனிக்கிழமை ஒரு பெரிய கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு கல்யாணங்களுக்குப் போவார். அறுபது வயசு. எல்லோருக்கும் மிஸ்டர் பெர்சி. ஓடெல் என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான்.

"காலையிலேர்ந்து கடைசி ஆட்டம் வரைக்கும் பிடிக்கணும். ஒரே ஒரு விஷயம், மிஸ்டர் பெர்சி. டால்டன் படத்துல வரக் கூடாது."

பெர்சி சிரித்துவிட்டார். "ஏம்பா ஓடெல், அவன் பொண்ணோட அம்மா புருஷன். பக்கத்துலயேதான் நிப்பான். நான் என்ன கத்தரிக்கோலோடவா வர்றது?"

"அவன் வந்தா பட்டனை அமுக்கி நிறுத்துங்க. போனதும் திரும்ப அமுக்குங்க. அவ்வளவுதானே?"

"நான் சர்ச் வாசல்ல ஒரு தடவை அமுக்குவேன். எல்லாம் முடிஞ்சதும் ஒரு தடவை அமுக்குவேன். நீ சொல்றதப் பாத்தா தையல் மெஷின் ஓட்டணும்போல இருக்கே."

"காசு குடுக்கிறது நான்."

"சரிப்பா. குடுக்கிறவன் சொன்னாச் சரி."

கல்யாணத்துக்கு முதல் நாள் மழை. சர்ச் வாசல் முழுக்கச் சேறு. வாடகைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடெல் படியில் நின்றான். பக்கத்தில் பெர்சி கேமராவைத் தோளில் ஏற்றிச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். வண்டி வந்து நின்றது. ஜனெல் காலைக் கீழே வைப்பதற்குள் டால்டன் குதித்து இறங்கி, அவள் கவுனின் வாலைச் சேற்றில் படாமல் ரெண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க, மிஸ்டர் பெர்சி!" என்று ஓடெல் போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன. பெர்சி பதறிப்போய் பட்டனை அமுக்கினார்.

அதன்பிறகு எல்லாம் ஓடெல் நினைத்த மாதிரியே நடந்தது. மகள் கையைப் பிடித்து நடந்தான். நாற்பது அடி தூரத்தை நாலு மைல் மாதிரி நடந்தான். மண்டபத்தில் ஊர்வலம். எங்கள் கல்யாணங்களில் மணமக்கள் முன்னால் போக, பெற்றவர்கள் ஜோடி ஜோடியாகப் பின்னால் மண்டபத்தைச் சுற்றி வரவேண்டும். ஓடெலுக்கு ஜோடி ஏது? தன் அக்காளை இழுத்துக்கொண்டான். எர்லீனும் டால்டனும் நிற்கவேண்டிய இடத்தில் முழங்கையைக் கொடுத்து முன்னால் போய் நின்றான். டால்டன் பின்னால் நகர்ந்துகொண்டான். டால்டன் எங்கே தலைகாட்டினாலும் ஓடெல் பெர்சியைப் பார்த்துத் தொப்பியை ஆட்டுவான், பெர்சி பட்டனை அமுக்குவார். சாயங்காலத்துக்குள் ஐம்பது தடவையாவது ஆட்டியிருப்பான். ஆட்டத்தைப் பார்த்ததைவிட நான் அந்தத் தொப்பியைத்தான் அதிகம் பார்த்தேன்.

அடுத்த வாரம் மணமக்கள் தேனிலவுக்குக் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். பெர்சி டேப்பைக் கொண்டுவந்து ஓடெல் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். ஓடெல் எனக்குப் போன் பண்ணி வரச்சொன்னான். பன்றித்தோல் வறுவல் ஒரு பை, பீர் ஒரு பெட்டி. டேப்பைப் போட்டான்.

முதல் படமே டால்டன். கவுனின் வாலைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் பக்கவாட்டாக நடந்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

"இது நிறுத்தினதுதானே?" என்றான் ஓடெல்.

அடுத்த படம், மண்டபத்துத் தரை. யாரோ ஒருவரின் பூட்ஸ். அப்புறம் டால்டன் ஐஸ் பெட்டி தூக்கிப் போகிறான். அப்புறம் பெர்சியின் தட்டு, தட்டில் சோறு. அப்புறம் டால்டன், அக்கார்டியன்காரனின் வயரைச் சுவரில் சொருகுகிறான். டால்டன் பன்றி வெட்டுகிறான். டால்டன் ஜனெலோடு ஆடுகிறான். சர்ச் இல்லை. மோதிரம் இல்லை. ஊர்வலம் இல்லை. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஓடெல் ஓர் இடத்தில் வந்தான். தூரத்தில், தொப்பியை ஆட்டிக்கொண்டு.

விஷயம் இதுதான். வாசலில் ஓடெல் கத்தியபோது பெர்சி இன்னும் கேமராவைப் போடவே இல்லை. கத்தியதும் நிறுத்துகிறோம் என்று நினைத்து அமுக்கினார், அது ஓட ஆரம்பித்துவிட்டது. அதிலிருந்து அவர் போட்டதெல்லாம் நிறுத்தல், நிறுத்தியதெல்லாம் போடல். ஓடுகிறதா இல்லையா என்று கேமராக் கண்ணாடிக்குள் காட்டும் சின்ன எழுத்தைப் பார்க்க அவருக்கு எங்கே நேரம்? அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

"வாயை மூடுடா" என்றான்.

அப்போது படம் சாய்ந்துபோய் வந்தது. கேமரா பெர்சியின் இடுப்பில் தொங்கியிருக்க வேண்டும். மண்டபத்துச் சமையலறை. ஜனெலின் குரல். "மிஸ்டர் டால்டன், கால் வலிக்குது."

பதினைந்து வருஷம் வளர்த்தவனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். டால்டன் முட்டிபோட்டு உட்கார்ந்து, அவள் செருப்பைக் கழற்றி, பேப்பர் துணியை மடித்துக் குதிகாலில் வைத்தான்.

"முதல் நற்கருணை அன்னைக்கும் இதே கால்தானேம்மா."

"அதேதான். நீங்க அன்னைக்கு உங்க சாக்ஸைக் கழட்டி உள்ள வச்சீங்க."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். ஓடெல் எழுந்துபோய்ப் படத்தைப் பின்னால் ஓட்டினான். திரும்பப் பார்த்தான். திரும்பவும் ஓட்டினான்.

"எந்தக் கால்டா அது? இடதா, வலதா?"

"இடதுபோல."

"எனக்குத் தெரியாது பாரு" என்றான். "அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

பெர்சிக்குப் போன் பண்ணித் திட்டினான். பிறகு கடற்கரை ஓட்டலுக்குப் போன் பண்ணி மகளிடம் நடந்ததைச் சொன்னான். யாரை மறைக்கச் சொன்னான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம், "டாடி, வேணும்னா நாம இன்னொரு தடவை நடந்துடலாம்" என்றாள்.

பங்குச் சாமியார் ஒரு வியாழக்கிழமை மாலை, ஜெபமாலைக்கு முன்னால் இருபது நிமிஷம் கொடுத்தார். பெர்சி காசு வாங்காமல் வருவதாகச் சொன்னார். ஜனெல் கவுன் போட்டுக்கொண்டு வந்தாள், மாப்பிள்ளை பலிபீடத்தின் பக்கம் நின்றான், ஓடெல் மறுபடியும் வாடகைக் கோட்டில். எர்லீனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அதனால் டால்டன் கொண்டுவந்து விட்டான். உள்ளே வரவேண்டாம் என்று ஓடெல் ஏற்கனவே சொல்லி அனுப்பியிருந்தான். அவன் வெளியே பிக்கப்பில் உட்கார்ந்திருந்தான்.

பெர்சி வரவில்லை. அவர் மனைவி கேமராவோடு வந்தாள். "பஸ் வாய்க்கால்ல இறங்கிடுச்சு. பிள்ளைங்களை ஒவ்வொண்ணா வீட்டுல விட்டுட்டிருக்காரு. கேமராவையாவது குடுத்துட்டு வான்னாரு" என்று சொல்லி என் கையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

எனக்கு வலது கையில் ரெண்டு விரல் மில் பெல்ட்டோடு போய்விட்டது. பட்டன் எட்டவில்லை. எர்லீன், "எனக்கு டிவியே போடத் தெரியாது" என்றாள். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜனெல் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மிஸ்டர் டால்டனுக்கு நல்லாத் தெரியும், டாடி. ஸ்கூல்ல என் பேண்ட் வாத்தியம் எல்லாம் அவர்தான் வருஷா வருஷம் வீடியோ பிடிப்பாரு."

அது ஓடெலுக்குப் புதுச் சேதி. முகத்தில் அறைந்த மாதிரி நின்றான்.

"அப்பக் கூப்பிடு."

"நீ போய்க் கூப்பிடு டாடி. வெளிய உக்காரச் சொன்னது நீதானே?"

யாரை மறைக்கச் சொன்னான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நானும் கூடப் போனேன். சர்ச் வாசலிலிருந்து பிக்கப் இருபது அடி இருக்கும். ஓடெல் ரெண்டு தடவை நின்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். டால்டன் கண்ணாடியை இறக்கினான்.

"என்ன ஓடெல், முடிஞ்சுதா?"

"பெர்சி வரல."

"அடடா."

"கேமரா வந்திருக்கு."

"ஓ."

"உனக்குப் பிடிக்கத் தெரியுமாமே."

டால்டன் ஸ்டியரிங்கைத் தடவினான். "தெரியும். ஆனா நான் படத்துல வரக் கூடாதுன்னு ஊரெல்லாம் பேச்சு."

"கேமராவுக்குப் பின்னாடி நின்னா எப்படிய்யா வருவே?"

"அதுவும் சரிதான்." கதவைத் திறந்தான். "எங்க நிக்கணும், சொல்லு."

"பலிபீடத்துக்கிட்ட. எனக்கு நேரா. காலெல்லாம் தெரியணும். பட்டனை ஒரு தடவைதான் அமுக்கணும், சொல்லிட்டேன்."

"ஒரே தடவை" என்றான் டால்டன்.

நடந்தார்கள். அழகாகத்தான் நடந்தார்கள். பதினைந்தாவது நிமிஷத்தில் எல்லாம் முடிந்து சாமியார் மெழுகுவத்தியைக் கொளுத்தப் போய்விட்டார். டால்டன் டேப்பை எடுத்து ஓடெல் கையில் கொடுத்தான். "நல்லா வந்திருக்கு ஓடெல்" என்று மட்டும் சொன்னான்.

அன்றைக்கே போட்டுப் பார்த்தோம். நல்ல படம். ஆடவில்லை, சாயவில்லை. முதலிலிருந்து கடைசிவரை ஓடெல். அப்பனும் மகளும், தலையிலிருந்து கால்வரை. டால்டனின் ஒரு விரல்கூட இல்லை. நான் ஒரு பீரைத் திறந்து, "கேட்டது கிடைச்சுடுச்சு, அப்புறம் என்ன?" என்றேன்.

ஓடெல் எழுந்தான். டிவியின் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"பாத்தியா?"

"எதை?"

"ஜனெல் யாரைப் பாத்துச் சிரிக்கிறா?"

"கேமராவைப் பாத்து."

"கேமராவை யாராவது அப்படிப் பாப்பாங்களாடா? வாசல்லேர்ந்து பலிபீடம் வரைக்கும் கண்ணை எடுக்கலயே. நான் பக்கத்துல வர்றேன், என் பக்கம் ஒரு தடவை திரும்புறாளா பாரு."

பார்த்தேன். உண்மைதான், திரும்பவில்லை. கண்ணெல்லாம் சிரிப்பு, நேராகக் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவனைப் பார்த்து. நாளைக்கு அவள் பிள்ளைகள் பார்க்கும்போதும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு வருவாள். பொய் சொல்லி அவனைத் தேற்ற எனக்கு வரவில்லை. ஆனால் அவன் பார்க்காத ஒன்று என் கண்ணில் பட்டது.

"அவளை விடு" என்றேன். "நீ யாரைப் பாக்குற?"

மறுபடி ஓட்டினான். படத்தில் ஓடெல் மகள் கையைக் கோத்துக்கொண்டு வருகிறான். கழுத்தை நீட்டி, ஒரு கண்ணைச் சுருக்கி, வாசலிலிருந்து பலிபீடம் வரைக்கும் டால்டனையே முறைத்துக்கொண்டு வருகிறான். நாற்பது அடியில் ஒரு அடிகூட மகள் பக்கம் அவனும் திரும்பவில்லை.

கடைசிவரை ஓட்டிப் பார்த்தான். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"கேமரா ஓடுதா, நின்னுபோச்சான்னு பாத்துட்டே வந்தேன்டா. அவனை எப்படி நம்புறது?"