ஏழு வரி வாக்கியமும் நாலு குண்டூசியும்

தையல்கார அக்காவின் வேலை, ஆயத்த உடைகளை ஆளுக்கேற்றபடி பிரித்துத் தைத்துக் கொடுப்பது. நாற்பத்திமூன்று வயதில் அஞ்சல் வழியில் ஆங்கில இலக்கியம் படித்தாள். வாயைப் பிளந்தவர்களை அவள் சட்டை செய்யவில்லை. பழைய உரைநடைத் தாள் ஒன்றில்தான் இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தாள். மூன்றாவது முறையும் போனால் பட்டம் கிடையாது என்பது விதி.

அந்தக் காலத்து ஆசாமிகளுக்கு முற்றுப்புள்ளி வைக்க அப்படி என்ன கஞ்சத்தனமோ! ஏழு வரிக்கு ஒரே வாக்கியம். அகராதியைப் புரட்டி எல்லாச் சொல்லுக்கும் பொருள் கண்டுபிடித்துவிடுவாள். ஆனாலும் அந்த மனுஷன் என்னதான் சொல்கிறான் என்பது பிடிபடாது.

ஒருநாள் கோட்டு ஒன்றின் தையலைப் பிரிக்கும்போது பொறி தட்டியது. உள்துணி, பை, காலர் என்று எடுத்துவிட்டால் உடம்புத்துணி மிஞ்சுகிறதல்லவா? அன்றே ஒரு வாக்கியத்தை நீளமான காகிதத்தில் ஒரே வரியாக எழுதி, நடுவில் செருகியதையெல்லாம் மடித்துக் குண்டூசி குத்தினாள். யார் என்ன செய்தார் என்பது மட்டும் வெளியே நின்றது. பிறகு ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துப் படித்தாள். அவளுடைய மூளையை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் தேர்வறையிலும், விளக்கச் சொல்லிக் கேட்டிருந்த ஏழு வரி வாக்கியத்துக்கு அதையே செய்தாள், பாவம். பொடி எழுத்தில் மடித்த காகிதத்தைக் கண்டதும் கண்காணிப்பாளர் பாய்ந்து வந்து பிடுங்கினார்.

"பிட்டு இல்ல சார். கேள்வித்தாள்ல இருக்கறதத்தான் எழுதியிருக்கேன், ஒத்துப் பாருங்க."

அவர் ஊசிகளை உருவி, சொல் சொல்லாக ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. ஆனாலும் காகிதத்தைத் திருப்பித் தரவில்லை. மீதி இருந்தது அரை மணி நேரம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள்ளேயே மடித்தாள், பிரித்தாள். பிறகு பேனாவை எடுத்தவள் மணி அடிக்கும்வரை நிமிரவில்லை.

வெளியே காத்திருந்த கணவர், கேள்வி கஷ்டமா என்று கேட்டார்.

"ஒருத்தன் தம்பிகிட்ட மன்னிப்பு கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்திருக்கான். அதுக்குள்ள தம்பி போய்ட்டான். அத நேரா சொல்ல முடியாமத்தாங்க ஏழு வரி சுத்தியிருக்கான்."

கணவர் கிளப்பிய வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"இதையேவா எழுதின?"

"இதையேதான் எழுதினேன்."

"அப்ப பாஸுதான்," என்றார் அவர். முடிவு வந்தபோதும் பாஸ்தான்.