கரடியின் பழைய பெயர்

எலுவன்குளத்தில், வில்பத்துக் காட்டைச் சுற்றிக்காட்டும் ஜீப்பில் என்னோடு ஏறிய போலந்துப் பெண்மணிக்கு வெயிலில் மூக்குச் சிவந்திருந்தது. சொற்களின் பூர்வீகம் தேடுவது தொழிலாம். கேட்ட மிருகப் பெயரையெல்லாம் உள்ளங்கையில் எழுதிக்கொள்வார்.

காட்டுக்குள் நான் "கரடி" என்றதும் சாரதி நானா பதறினார்.

"உள்ளுக்க அந்தப் பேரச் சொல்லப்படாது தம்பி. ஆள் வந்திடும்."

இதை ஆங்கிலத்தில் சொன்னதும் பெண்மணி துள்ளினார். "எங்கள் முன்னோரும் அப்படித்தான்! பயத்தில் அதைத் 'தேன் தின்னி' என்றே சொல்லிச் சொல்லி உண்மைப் பெயர் மறந்துபோயிற்று. அந்தப் பெயர் என்னவென்று சொல் ஆராய்பவர்கள் நாங்கள் ஊகித்து வைத்திருக்கிறோம்."

"வெளிய போய்ச் சொல்லச் சொல்லுங்க," என்றார் நானா.

காட்டு வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் நானாவே அந்தப் பெயரைக் கேட்டார். பெண்மணி காட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"வேண்டாம். நாளைக்கும் இவர் உள்ளே போகவேண்டுமே."

கைபேசியில் தேடினால் அந்தப் பெயர் கிடைக்கும். ஏனோ, நான் இன்னும் தேடவில்லை.