கண் திறக்காத முருகன்

நான் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். படமும் வரைவேன். குவைத்தில், அப்பாசியாவில் ஒரு ஃப்ளாட்டில் ஆறு பேர் இருந்தோம், எல்லோரும் தமிழ்நாட்டு ஆட்கள். ஆளுக்கு ஒரு நாள் சமையல். என் முறை வியாழக்கிழமை. என் கோழிக்குழம்புக்காகவே டூட்டி முடிந்ததும் ஓடி வருவார்கள்.

தைப்பூசத்துக்கு ஹால் சுவரில் ஒரு முருகன் வேண்டும் என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வரைந்தேன். வேல், மயில், சிரிப்பு எல்லாம் வந்துவிட்டது. கண்ணை மட்டும் பூசத்தன்று திறக்கலாம் என்று விட்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, ரூமில் எல்லோருக்கும் மூத்த அண்ணனின் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். எங்கள் ஊர்ப்பக்கம். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏரிக்கரை இருளர் தெருதானே நீ? எலி புடிக்கிற கூட்டம்!"

ஆமாம் என்றேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

வியாழக்கிழமை கோழி வாங்கிக்கொண்டு வந்தால் அடுப்பில் ஏற்கெனவே ரசம் கொதிக்கிறது. "உனக்கு எதுக்குப்பா சிரமம்? சமையலை இனிமே நாங்களே பாத்துக்கறோம். நீ சாமியை முடி" என்றார் மூத்த அண்ணன். மற்றவர்கள் செல்போனில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். இத்தனை நாள் வழித்து வழித்துத் தின்றது யார் கைச் சோறாம்?

பூசத்தன்று எல்லோருக்கும் முன்னால் எழுந்தேன். சோறு வடித்து, சாம்பார் வைத்து, ஹாலில் பேப்பர் விரித்து ஆறு தட்டும் வைத்தேன். குளித்து, விபூதி பூசி வந்தவர்கள், "கண்ணைத் திறப்பா, நேரமாவுது" என்றார்கள்.

"உக்காருங்கண்ணே. ஒரு வாய் சாப்பிடுங்க, திறக்கறேன்."

"விரதம்பா" என்றார் ஒருவர். அவர் கையில் ஹோட்டல் இட்லிப் பொட்டலம்.

"சாமி விஷயத்துல விளையாடாத" என்றார் மூத்த அண்ணன்.

"நான் வரைஞ்ச சாமி ஆவும், நான் ஆக்குன சோறு ஆவாதா? இன்னாண்ணே நியாயம் இது?"

அழுதேன், சொல்வதற்கென்ன. ஒருவரும் உட்காரவில்லை. கண்ணில்லாத முருகனுக்கே கற்பூரம் காட்டிவிட்டுப் போனார்கள். நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த மாதமே ஃபர்வானியாவுக்கு ரூம் மாறிவிட்டேன்.

போன வாரம் அந்த இட்லிக்காரரை பஸ்ஸில் பார்த்தேன். முருகனுக்கு யாரையோ வைத்துக் கண் வரைந்தார்களாம். மாறுகண்ணாகிவிட்டதாம்.

"எங்க உக்காந்தாலும் நம்ம தட்டையே பாக்குறாப்ல இருக்குப்பா. சோறு எறங்க மாட்டேங்குது. ஒரு நடை வந்து சரி பண்ணிக் குடுத்துடேன்."

"வர்றேன். அன்னிக்கு நான் சமைக்கலாமாண்ணே?" என்று கேட்டேன்.

அவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். அது அவருடைய ஸ்டாப் இல்லை.