ஒரு கையில் குழை, மறுகையில் புத்தகம்

ஞானஸ்நானம் எடுத்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. குளத்துத் தண்ணீர் காதுக்குள்ளிருந்து முழுதாய் வடிந்ததோ தெரியாது, வாய் மட்டும் நன்றாகத் திறந்துவிட்டது. உண்மையான கடவுள் ஒருவர்தான், மனிசன் செய்த எதையும் இனிக் கும்பிடமாட்டேன் என்று சபையார் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். கடைவாசல், வாய்க்கால் கட்டு, நெல்லுக் குத்துற மில் என்று எங்கே நாலு பேர் நின்றாலும் அதையே சொல்லித் திரிந்தேன். "இருட்டினால் வெளியால போக என்னைத் துணைக்குக் கூப்பிடுற ஆள், ஊருக்குப் புத்தி சொல்லுறார்" என்றாள் மனைவி.

எண்பதுகளின் தொடக்கம் அது. புளியங்குளத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். காட்டுக்குப் போகிறவன் யானைக்கு மட்டும் பயந்தால் போதும் என்றிருந்த காலம். சபைக்கு ஒரு ஜெபக் கொட்டில் போட, கூரை தாங்குகிற எட்டுக் கப்புத் தடி வேண்டியிருந்தது. தறித்துக் கொண்டுவர நான்தான் முந்திக்கொண்டு கை தூக்கினேன். வண்டில் பக்கத்துக் காணி அண்ணையுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத்துக்கு வந்து நெல் விதைக்கிறவர். திருநீறு பூசாமல் மாடு அவிழ்க்கமாட்டார். எங்கள் கொட்டிலுக்குத்தான் என்று தெரிந்தும், அதுக்கென்ன வாறன் என்று வந்தவர்.

காட்டுப் பாதை தொடங்குமிடத்தில், பாலை மரத்தடியில் பிள்ளையார். கோயில் ஒன்றும் இல்லை, ஒரு கல்லும் அதன்மேல் காய்ந்த குழைக் குவியலும்தான். எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் இறங்குகிற எவரும் கொப்பிலிருந்து இலையோடு ஒரு குழை முறித்து அங்கே வைத்துவிட்டுத்தான் போவார்கள். வைத்தால் யானை குறுக்கே வராது. அண்ணை இறங்கி, கும்பிட்டு, வைத்தார். நான் வண்டிலில் கைகட்டிக்கொண்டு இருந்தேன்.

"நீ வைக்கேல்லையோ, தம்பி?"

வைக்கமாட்டேன் என்றேன். கல்லும் குழையும் யானையை மறிக்காது என்று அரை மைல் தூரத்துக்கு விளக்கம் சொன்னேன். அண்ணை கேட்டாரோ தெரியாது, மாடுகள் கேட்டன. சொல்லும்போதெல்லாம் சட்டைப் பொக்கற்றைத் தட்டிக்கொண்டேன். உள்ளே என் சின்ன வேதப்புத்தகம். வீட்டில் றங்குப்பெட்டிக்குள் கிடக்கிற அதை அன்று மட்டும் ஏன் எடுத்துவந்தேன் என்று யாராவது கேட்டிருந்தால், வாசிக்கத்தான் என்று சொல்லியிருப்பேன்.

ஆறு தடி தறித்தாயிற்று. ஏழாவதுக்குக் கோடாலியை ஓங்க, புதர்ப் பற்றைக்குள் கொப்பு முறிகிற சத்தம். பிறகு ஒரு பெரிய மூச்சு.

கோடாலி எங்கே விழுந்ததோ தெரியாது. புத்தகத்தை உருவிப் பற்றையை நோக்கி நீட்டினேன், சந்தியில் லொறி மறிக்கிற பொலிஸ்காரன் மாதிரி. பற்றை திரும்பவும் முறிந்தது. அண்ணையையும் வண்டிலையும் விட்டுவிட்டு ஓடினேன். கால்கள் தாமாகவே போய் நின்ற இடம் பாலை மரத்தடி. கை தானாகவே மேலே போய்க் குழை முறித்தது. அதைக் குழை என்று சொல்லக்கூடாது, ஆட்டுக்கு இரண்டு நாளைக்குக் காணும். பயத்தில் நான் கஞ்சத்தனம் பார்க்கிறவனில்லை.

கல்லுக்கும் என் கைக்கும் இடையில் ஒரு முழம். சுற்றிலும் ஒருத்தரும் இல்லை. வைத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கலாம். என் வாக்கைக் கேட்ட சபையார் எல்லாரும் ஊரில். கேட்ட கடவுள் மட்டும் இங்கேயும் இருந்தார். கை அந்தரத்தில் நின்றது. அந்த நிலையில்தான் வண்டில் சத்தம் கேட்டது.

அண்ணை மாட்டை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். அது ஆரோ அவிழ்த்துவிட்ட எருமை என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஒரு கையில குழை. மற்றக் கையில புத்தகம். இதில எது தம்பி உன்ர சாமி?"

புத்தகம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதை நீட்டியபோது உள்ளேயிருக்கிற ஒரு வரியையும் நான் நினைக்கவில்லை, அதைத் தந்த கடவுளையும் நினைக்கவில்லை. அட்டையைத்தான் நம்பினேன். அண்ணையாவது கும்பிட்டு வைத்தார். நானோ ஊரெல்லாம் விக்கிரகத்தைத் திட்டிவிட்டு, ஒன்றைச் சட்டைப் பொக்கற்றுக்குள்ளேயே செய்து வைத்திருந்திருக்கிறேன்.

"ரெண்டும் இல்லை அண்ணை" என்றேன். "அவர் என்ர கைக்குள்ள அடங்குற ஆள் இல்லை."

சொன்ன பிறகுதான் அது எனக்கே விளங்கியது. மூன்று கிழமையாய்ச் சொல்லித் திரிந்ததில் நான் முதன்முதலாய் விளங்கிச் சொன்னது அது ஒன்றுதான். குழையை மாட்டுக்குப் போட்டேன். புத்தகத்தை வண்டில் பலகையில் வைத்தேன்.

தடிகள் இன்னும் காட்டுக்குள் கிடந்தன. வீட்டுப் பக்கம் திருப்பட்டோ என்று அண்ணை கேட்டார். நான் முன்னால நடக்கிறன், நீங்கள் பின்னால வாங்கோ என்றேன்.

வெறுங்கையோடு நடந்தேன். ஜெபம் சத்தமாய்த்தான் வந்தது. குரல் நடுங்கியது, ஒவ்வொரு பற்றையையும் ஒருக்கால் எட்டிப் பார்த்துத்தான் தாண்டினேன். சொன்னதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எருமை அசைபோட்டபடி பார்த்துக்கொண்டு நின்றது. மிச்ச இரண்டையும் தறித்து எட்டுத் தடியையும் ஏற்றி வந்தோம்.

கொட்டில் போட்ட அன்று அண்ணையும் வந்து கிடங்கு வெட்டிக் கப்பு நட்டார். மண் இறுக்கிய பிறகு ஒவ்வொன்றாய்ப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் என் தோளையும் பிடித்து ஒருக்கால் ஆட்டிப் பார்த்தார். நான் கொஞ்சம் ஆடினேன். விழவில்லை.