நாற்பது சுகதேகிகள்

1962ஆம் ஆண்டு மாரி தொடங்கிய கிழமையில், எங்கள் ஊர் ஆசுபத்திரியில் இரத்தம் சோதிக்கும் தவராசா முதன்முதலாக என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மூன்று மைல் தூரம் மழையில் சைக்கிளில் வந்தவர், வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை. கோட்டு நனைந்தாலும் பரவாயில்லை. அதை ஊரார் காணாமல் இருந்துவிடக் கூடாது.

ஈரல் பழுதடைந்தால் இரத்தத்தில் கூடுகின்ற ஒரு நொதியத்தை அளப்பதற்குக் கொழும்பிலிருந்து புதிய மருந்துப் பெட்டி வந்திருந்தது. நாற்பது அலகு வரை சாதாரணம் என்று அதன் கையேடு கூறிற்று. இயலுமானால் அவ்வவ்வூரில் நோயில்லாத சுகதேகிகளைச் சோதித்து உள்ளூர் அளவை வகுத்துக்கொள்ளலாம் என்றும் கூறிற்று. அந்த இரண்டாவது வாக்கியம் தவராசாவின் தலைக்கு ஏறிவிட்டது.

“கொழும்பாக்களின்ரை ஈரல் வேறை, எங்கடை ஈரல் வேறை, ரீச்சர். வன்னிக்கு வன்னி அளவு வேணும். அதை நான்தான் வகுக்கப்போறன்.”

“டொக்டரிட்டைக் கேட்டனீரோ?”

“மாசத்திலை ரெண்டு தரம் வாற மனுசனுக்கு உதுக்கெல்லாம் நேரமேது?”

சுகதேகிகளிடம் கேட்பதற்குரிய கேள்விகளை நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ‘குடிப்பழக்கம் உண்டா?’ என்பது மூன்றாவது கேள்வி. அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

நாற்பது பேரைத் தேடி வீடு வீடாக அலையத் தவராசாவுக்கு மனமில்லை. அக்கராயனிலிருந்த கள்ளுத் தவறணை வாசலிலேயே மேசையைப் போட்டார். கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு நானும் அன்று போயிருந்தேன். வயலிலிருந்து வந்த வீரகத்தி, பனையோலைப் பிளாவில் நுரைத்த கள்ளை ஒரு கையில் பிடித்தபடி மறு கையை ஊசிக்கு நீட்டினார்.

“குடிப்பழக்கம் உண்டோ, அண்ணை?”

“சிவ சிவா! சாராயம் வாயிலை வைச்சறியன்.”

“அப்ப உது?” என்று நான் கேட்டேன்.

“இது கள்ளு, ரீச்சர் அம்மா. இதையும் ஆரும் குடியெண்டு சொல்லுவினமோ? உடம்புக்குக் குளிர்ச்சியெல்லோ!”

‘இல்லை’ என்று தவராசா எழுதினார். வேறென்ன எழுதுவார்? நாள்தோறும் இரண்டு போத்தல் கள்ளு அவருக்குள்ளும் இறங்கியது. அதை அவரும் குடியென்று எண்ணியவரல்லர். சுகதேகிகள் பட்டியலின் முதலாவது பெயரே அவருடையதுதான்.

நாற்பது பேரையும் சோதித்ததில், எழுபது வரை சாதாரணம் என்று முடிவாயிற்று. அவருடைய சொந்த அளவு அறுபத்தாறு. அளவையும் நாற்பது பெயர்களையும் ஒரே தாளில் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு ஆசுபத்திரிச் சுவரில் மாட்டினார். அது இரு பொருளிலும் அவருக்குச் சட்டமாயிற்று.

“தவறணையிலை எடுத்த அளவு தவறணைக்குத்தான் பொருந்தும், தவராசா.”

“நீங்கள் இலக்கணத்தைப் பாருங்கோ, ரீச்சர். ஈரலை நான் பாக்கிறன்.”

நன்றாகத்தான் பார்த்தார். நோயாளிகள் எத்தனை பேரை அந்தத் தாள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியதோ, நான் அறியேன். 1966இல் அவருக்கே சோறு செல்லாமற் போயிற்று, கால் வீங்கிற்று. மனைவி சிவனேஸ்வரி கெஞ்சினாள்.

“இஞ்சேருங்கோ, கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடக்கு. யாழ்ப்பாணத்துக்குப் போய்க் காட்டுவம்.”

தம் இரத்தத்தைத் தாமே சோதித்தார். அறுபத்தெட்டு.

“சாதாரணமடியப்பா! கண்ணிலை வெயில் பட்டிருக்கும்.”

வயிறு குடம்போல ஆகும் வரை, எட்டு மாதங்கள், அவர் சாதாரணமாகவே இருந்தார். புதிதாக வந்த டொக்டர் ஒருவர் அவரைக் கட்டிலிற் கிடத்தினார்; காலம் கடந்துவிட்டது என்று சிவனேஸ்வரியிடம் சொன்னார்; சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டார்.

நான் பார்க்கப் போனபோது அது அவர் நெஞ்சின்மேல் கிடந்தது. சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றித் தாளை என்னிடம் நீட்டினார்.

“ரீச்சர், பேனை வைச்சிருக்கிறியளோ? முதலாவது பேரை மட்டும் வெட்டிவிடுங்கோ. மற்ற முப்பத்தொன்பதும் சரி. அளவை மாத்திப்போடாதேங்கோ.”