முகத்துவாரத்துக் கானும் ஒன்பது பக்கங்களும்

வெள்ளி, காலை 5.20. யாழ்ப்பாணத்து பஸ் கொழும்பு வெள்ளவத்தையில் என்னை இறக்கிவிட்டபோது வலது கால் இன்னும் தூக்கத்தில் இருந்தது. ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். அதில் பாதித் தூரம் பக்கத்து ஆசனத்துக்காரர் என் தோளைத் தலையணையாக்கிக்கொண்டார். இறங்கும்போது "நல்ல நித்திரை" என்று எனக்கே சொல்லிவிட்டுப் போனார். கடற்பக்கத்து ஒழுங்கை ஒன்றில் அறை எடுத்தேன். மின்விசிறி மட்டும் உள்ள அறை, ஒரு நாளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். யன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். யன்னலை மூடினால் ஒன்றுமில்லை, புழுக்கம்தான்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் தமிழில் நடக்கும் ஒருநாள் ஆய்வரங்கு. கணிதம், சூழலியல், தொழில்நுட்பம், சுகாதாரம் என்று நாலு பிரிவு, நாலு அறை. நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். இந்த அரங்கில் கணிதப் பிரிவுக்கு வந்த கட்டுரைகளைத் தரம் பார்த்தவர்களில் ஒருவன். எழுதியவரின் பெயரை மறைத்து அனுப்புவார்கள். நாங்கள் ஏற்கலாம், தள்ளலாம், வேறு பிரிவுக்கு அனுப்பலாம். இந்த வேலைக்குக் காசு இல்லை, கௌரவம் உண்டு என்றார்கள். அந்தக் கௌரவத்தை எங்கே வைத்துத் தருவார்கள் என்று இதுவரை தெரியவில்லை.

காலை 8.10. மண்டபம் நடக்கும் தூரம்தான். ஆனால் கால் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. ஒரு திரீவீலரை மறித்தேன். முந்நூறு ரூபாய். ஓட்டியவர் வெள்ளைத் தொப்பி போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் அண்ணர்; நானா என்று கூப்பிடுவோம்.

"என்ன சேர், கலியாண வீடா?"

"இல்லை நானா. ஆராய்ச்சிக் கூட்டம்."

"எத்தின பேர் பேசுவாங்க?"

"அறுபது பேர் வரும்."

"அப்ப கேக்கிறதுக்கு?"

நான் யோசித்தேன். "அதே அறுபது பேர்தான்."

நானா விழுந்து விழுந்து சிரித்தார். மீதிக் காசைத் தரும்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

காலை 9.00 முதல் 12.30 வரை. சும்மா சொல்லக் கூடாது, கூட்டம் நன்றாகத்தான் நடந்தது. என் அறையில் அட்டன் பக்கத்து இளைஞன் ஒருவன், தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஒன்றைக்கூட இரண்டாம் தரம் மிதிக்காமல் எல்லா லயக் குடியிருப்புகளுக்கும் போய்வர முடியுமா என்று கேட்டு, முடியாது என்று நிறுவினான். அருமையான நிறுவல். அது முடிந்ததும் நான் அறை அறையாக அலைந்தேன். சூழலியல் அறையில் புத்தளத்துக்காரர் ஒருவர், களப்பு நண்டுகளுக்கு வலது கொடுக்குப் பெரிதா, இடது கொடுக்குப் பெரிதா என்று மூன்று வருடம் பார்த்திருந்தார். தொழில்நுட்ப அறையில் பழைய பிறப்புப் பத்திரங்களின் கோழிக் கிறுக்கலைத் தொலைபேசி வாசித்துக் காட்டியது. என் தகப்பனாரின் கையெழுத்தைக் கொடுத்திருந்தால் அந்தத் தொலைபேசி அழுதிருக்கும். சுகாதார அறையில் சிவப்பு இடியப்பமா வெள்ளை இடியப்பமா இரத்தச் சீனியைக் கூட்டும் என்று ஓர் அம்மா விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அறை மட்டும் நிரம்பி வழிந்தது.

அடுத்துப் பேசியவர் ஓர் இளம் வைத்தியர். கொழும்பின் நுளம்புப் பெருக்கத்தை நிறம் நிறமாக வரைபடத்தில் காட்டினார். முடிந்ததும் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். கழுத்தில் பெயரட்டை இல்லை.

"டொக்டர், கானில குடம்பி எண்ணினது எத்தின மணிக்கு? கடல் ஏறியிருந்த நேரமா, வத்தியிருந்த நேரமா?"

கான் என்றால் கழிவு வாய்க்கால். குடம்பி என்பது நுளம்பின், அதாவது கொசுவின், புழு. வைத்தியர் கேள்வியை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு தன் வரைபடத்தைப் பார்த்தார். அதில் விடை இல்லை. தலைவர் நேரம் போதாது என்று மணியை அடித்தார். அன்று நாலு அறையிலும் நான் கேட்ட ஆக நல்ல கேள்வி அதுதான்.

பகல் 12.45. சாப்பாட்டு வரிசையில் அவரைத் தேடிப் பிடித்தேன்.

"பிள்ளை, நீங்கள் ஏன் கட்டுரை வாசிக்கேல்லை?"

"நான் சும்மா கேக்க வந்தனான், சேர்." பெயர் ஷெரின் என்றார். வீடு கொட்டாஞ்சேனை. ஒரு சுகாதார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் நுளம்புக் குடம்பி தேடும் வேலை. வேலை நேரத்தில் எண்ணுவது அலுவலகத்துக்கு, அதற்குப் பிறகு எண்ணுவது தனக்கு. முகத்துவாரத்தில் ஒரே கானை ஐந்து வருடமாக அளக்கிறாராம்.

"வந்து பாக்கிறீங்களா, சேர்? இண்டைக்குப் பறுவம், முழு நிலா. நாலு மணிக்குத் தண்ணி ஏறும்."

எனக்கு நிறைவு விழாவில் மேடையில் ஒரு கதிரை ஒதுக்கியிருந்தார்கள். கண்டறியாத கதிரை என்று நினைத்துக்கொண்டு அவரோடு புறப்பட்டேன்.

பிற்பகல் 1.40. காலி வீதியில் பஸ். கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட!" என்று எங்களை முன்னால் முன்னால் தள்ளினார். முன்னால் போக இனி சாரதியின் மடிதான் இருந்தது. ஷெரின் அவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு எனக்கு ஓர் இடம் எடுத்துத் தந்தார்.

"என்ன சொன்னீங்கள்?"

"சேருக்கு முழங்கால் ஏலாது எண்டு." முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இருந்துவிட்டேன். கோட்டையில் பஸ் மாறி, கொட்டாஞ்சேனை தாண்டி, முகத்துவாரத்தில் இறங்க மூன்றேகால்.

பிற்பகல் 3.40. களனி கங்கை கடலில் விழுகிற இடத்துக்குக் கிட்ட, வரிசை வீடுகளின் பின்பக்கம். கானின் சுவரில் ஒரு பிளாஸ்ரிக் குழாய் கட்டி அதில் அளவுக்கோடுகள் கீறியிருந்தது. கறுப்புத் தண்ணீர், மெல்லக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் மூக்கைப் பொத்தினேன். ஷெரின் பொத்தவில்லை. நாலு மணிக்குச் சற்றுப் பிறகு தண்ணீர் நின்றது. ஒரு சிகரட் பெட்டி நகராமல் அப்படியே கிடந்தது. பிறகு அந்தப் பெட்டி எங்கள் பக்கம் திரும்பி வரத் தொடங்கியது.

"பாத்தீங்களா சேர்? கடல் ஏறினா கான் பின்னுக்கு வரும். மழையும் சேந்தா நாலஞ்சு நாளைக்கு அசையாம நிக்கும். அப்ப ஊத்தை கூடி, குடம்பி தின்னிற குட்டி மீன் சாகும். அதுக்குப் பிறகுதான் நுளம்பு."

நீண்ட பிடி போட்ட அகப்பையால் தண்ணீரை மொண்டு, வெள்ளைக் கோப்பையில் ஊற்றி, குடம்பிகளை எண்ணிக் கொப்பியில் எழுதினார். தண்ணீர் நிற்கப்போகும் நாளை முன்கூட்டியே கணித்து, வரிசை வீட்டுப் பெண்களின் தொலைபேசிக்கு ஒரு செய்தி அனுப்புவாராம். அவர்கள் கானை அடைத்திருக்கும் குப்பையை இழுத்துப்போடுவார்கள். ஒரு வீட்டுக்காரி கதவால் எட்டிப் பார்த்து, "ஷெரின் மிஸ், நீங்க போனா ஆரு மெசேஜ் போடுற?" என்று கேட்டார். ஷெரின் அகப்பையை உதறினார். கொப்பியை மூடினார்.

மாலை 5.15. கொட்டாஞ்சேனையில் அவருடைய வீடு, மாடியில் இரண்டு அறை. உள்ளே போனதும் கண்ணில் பட்டது, வாயைப் பிளந்தபடி கிடந்த ஒரு பெரிய சூட்கேஸ்.

"எங்க பயணம்?"

"இத்தாலி, சேர். அக்கா மிலானில இருக்கிறா. வயசானவங்களைப் பாக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை பிளைட்."

"அப்ப அந்தக் கான்?"

தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு அவர் எதிரே அமர்ந்தார். மேற்படிப்புக்குச் சம்பளமில்லாத லீவு கேட்டிருக்கிறார். எங்காவது ஓர் அரங்கில் கட்டுரை ஏற்கப்பட்டால் தருவதாக மேலதிகாரி சொல்லியிருக்கிறார். ஒன்பது பக்கம் எழுதி, இதே அரங்குக்கு அனுப்பியிருக்கிறார்.

"சூழலியலுக்கு அனுப்பினனான். இது சுகாதாரம் எண்டாங்க. சுகாதாரத்தில, இதில நோயாளி ஒருத்தரும் இல்ல, மெசேஜ் அனுப்புறதெல்லாம் இருக்கு, தொழில்நுட்பத்துக்கு அனுப்புங்க எண்டாங்க. தொழில்நுட்பத்தில, புதுசா ஒரு கருவியும் இல்ல, வெறும் கணக்கு எண்டாங்க. கடைசியாக் கணிதத்துக்குப் போச்சு."

கடிதக் கோவையிலிருந்து நாலு தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். நாலாவது தாளில் ஒரேயொரு வரி இருந்தது. "இது கணிதம் அல்ல; கான் துப்புரவு பற்றிய அறிக்கை. நிராகரிக்கலாம்."

என் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வரி நான் எழுதியது. அந்த அரைப்புள்ளியைக்கூட நான் யோசித்துத்தான் போட்டேன். பரீட்சைத் தாள் திருத்தும் நாட்களில் ஒரு மாலை, கட்டுக்கட்டான விடைத்தாள்களுக்கு நடுவே அது வந்தது; இன்று கானைக் கண்டபோதுகூட அது நினைவில் வரவில்லை. எழுதி முடித்ததும் நல்ல வெட்டான வசனம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது. பக்கத்து மேசைக்காரருக்கு வாசித்துக் காட்டி, இருவரும் சிரித்தோம். ஐயோ, சிரித்தோம்!

சொல்லாமல் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போயிருக்கலாம். பெயர் மறைத்த முறை எழுதியவருக்கு மட்டுமல்ல, தள்ளியவனுக்கும் நல்ல போர்வை. இரண்டு நாளில் அவர் விமானம் ஏறிவிடுவார். உண்மையைச் சொன்னால், அப்படித்தான் முதலில் நினைத்தேன். தேநீரும் முடிந்தது. ஆனால் எழும்ப முடியவில்லை.

"பிள்ளை, இந்த நாலாவது... இது நான் எழுதினது."

ஷெரின் என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பரவாயில்ல சேர். கணிதம் இல்லையெண்டா இல்லத்தானே. ஒண்டு மட்டும் சொல்லுங்க. நீங்க வாசிச்சனீங்களா?"

"முதல் பக்கம் மட்டும்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், வெகுநேரம் கழுவினார். இரண்டே இரண்டு கோப்பை. எனக்கு அந்தக் கதிரையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. திரும்பி வந்தவரிடம், கட்டுரையின் பிரதி ஒன்று தருவாரா என்று கேட்டேன். அமைப்பாளர்களோடு கதைக்கிறேன், உங்கள் மேலதிகாரிக்கு எழுதுகிறேன் என்றும் சொன்னேன்.

"வேலைய விட்டுக் கடிதம் குடுத்து ஒரு மாசம், சேர். என்ட இடத்துக்கு வாற ஆளுக்குக் கான் வேலை இல்ல." கட்டுரையை மட்டும் தந்தார். வாசல்வரை வந்து, வெள்ளவத்தைக்கு எந்தப் பக்கத்தில் பஸ் எடுக்க வேண்டும் என்று பக்குவமாகச் சொல்லியும் விட்டார்.

சனி, காலை 5.45. கோட்டை நிலையத்திலிருந்து யாழ்ப்பாண ரயில். யன்னல் ஆசனம். வெளிச்சம் வரும்வரை பொறுத்திருந்து, கட்டுரையை மடியில் வைத்து இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கினேன். பொல்காவலை தாண்டும்போது நாலாம் பக்கம். எழுத்துப் பிழைகள் இருந்தன. ஓரிடத்தில் சராசரியைப் பிழையாக எடுத்திருந்தார். ஆனால் ஐந்தாம் பக்கத்திலிருந்து எட்டாம் பக்கம்வரை அட்டவணை. ஒவ்வொரு பறுவத்துக்கும் ஒவ்வோர் அமாவாசைக்கும் தண்ணீரின் உயரம், மழை, மீன், குடம்பி. ஐந்து வருடத்தில் ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களுக்கும் இலக்கம் இருந்தது. அவர் கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்துதான் போயிருக்க வேண்டும்.

ஊரில் நான் வேலை செய்யும் இடத்தில் கணிதக் கட்டடத்துக்கும் உயிரியல் கட்டடத்துக்கும் நடுவில் ஒரு வேப்பமரமும் நூறு அடி நிலமும்தான். பதினெட்டு வருடத்தில் அந்த நூறு அடியை நான் கடந்தது, அவர்களுடைய புகைப்படப் பிரதி இயந்திரம் எங்களுடையதைவிட நல்லது என்பதால் மட்டும். கொழும்பில் நாலு அறைக்கும் ஒரே தாழ்வாரம். அங்கேயும் தாழ்வாரத்தில் நின்றது ஷெரின் ஒருவர்தான். மூன்று பேர் அவரை அடுத்த கதவுக்குக் கைகாட்டினார்கள்; நான் கதவைச் சாத்தினேன்.

ஒன்பதாம் பக்கத்தில் பாதிதான் எழுத்து. கடைசிப் பந்தி இது: "கான் நிற்பதில் மழையின் பங்கு எவ்வளவு, கடலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. எனக்கு இதற்கு மேல் கணிதம் தெரியாது. இதை வாசிப்பவருக்குத் தெரிந்தால், தயவுசெய்து சொல்லித் தரவும்."

பெயர் மறைத்து அனுப்பிய அந்த ஒன்பது பக்கத்தில் எனக்கென்றே எழுதப்பட்டிருந்த பந்தி அது. எட்டுப் பக்கம் புரட்ட எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

மாகோவில் மடிக்கணினியைத் திறந்தேன். அட்டவணையை ஏற்றினேன். இரண்டாம் வருடத்துப் பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்கும் முறைதான், புதிதாக ஒன்றுமில்லை. அனுராதபுரத்தில் வண்டி நின்றபோது விடை திரையில் இருந்தது. இரண்டும் துப்புரவாகப் பிரிந்தன. ஷெரினுக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் யாரோ சூட்கேஸின் மேல் ஏறியிருந்து சிப் இழுக்கும் சத்தம் கேட்டது.

"பிள்ளை, முழுக்க வாசிச்சிட்டன். கடைசிக் கேள்விக்கு விடை வந்திட்டுது. மழையைவிடக் கடல்தான் கூட. நீங்கள் நினைச்சது சரி."

சிப் இழுக்கும் சத்தம் நின்றது.

"எவ்வளவு நேரம் எடுத்தது, சேர்?"

மூன்று நாள் என்று சொல்லியிருக்கலாம். இரவு முழுக்க இருந்து செய்தேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் இனியொரு பொய் வேண்டாம் என்றிருந்தது.

"ஒரு மணித்தியாலம்."

"ஒரு மணித்தியாலந்தானா, சேர்?"

"ஓம் பிள்ளை," என்றேன். "ஒரு மணித்தியாலந்தான்."