முப்பத்தொன்றாம் வரிசைக்கு ஒரு நடை

அமெரிக்காவில் சாகினா ஊரில் குழாய்ச் சாமான் கிடங்கு ஒன்றுக்கு லோர்னா புரூயிட்தான் மேற்பார்வை. எந்தச் சாமான் எந்த வரிசையில் இருக்கவேண்டும் என்று இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வரைந்து கொடுத்தவளும் அவளே. அந்த வரைபடத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேஜைக்கு மேலே மாட்டியிருந்தாள். பெற்ற பிள்ளைகளின் படத்தைக்கூட அவ்வளவு நேராக மாட்டவில்லை, மகராசி.

அவளுக்குத் தலைவலியாக வாய்த்தவன் எம்மெட் சோப்சாக். ஆர்டர் சீட்டைப் பார்த்துச் சாமான் எடுத்து வருவதில் அவன் வேகம் யாருக்கும் வராது. ஆனால் குழாயைத் திருப்ப மாட்டும் பிளாஸ்டிக் எல்போக்களை வாளி நிறைய அள்ளிவந்து பேக்கிங் மேஜைக்கு அடியில் ஒளித்துவைப்பான். முப்பத்தொன்றாம் வரிசையில் நானூறு இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும்; போய்ப் பார்த்தால் பெட்டி காலியாக இருக்கும். இரண்டு முறை எழுத்தில் எச்சரித்தாயிற்று. மூன்றாவது தாள் கொடுத்தால் வேலை போய்விடும், கூடவே கம்பெனி தரும் மருத்துவ இன்சூரன்ஸும். அடுத்த மாதம் அவனுக்கு முழங்காலில் ஆபரேஷன்.

நவம்பர் பதினைந்து, மான் வேட்டை தொடங்கும் நாள். அன்றைக்குப் பாதிப் பேர் வேலைக்கு வரமாட்டார்கள். யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. முழங்கால் ஒத்துழைக்காததால் எம்மெட் மட்டும் வந்திருந்தான். காலையிலேயே மறுபடி ஒரு வாளி அகப்பட்டது. லோர்னா மூன்றாவது தாளை எழுதிக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டாள். ஆள் இல்லாத நாளாயிற்றே, சாயங்காலம் கொடுக்கலாம் என்று தானும் சீட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

பத்துச் சீட்டில் ஏழில் பிளாஸ்டிக் எல்போ. அது இருந்ததோ கட்டடத்தின் கடைக்கோடியில். கைக்கு எட்டும் முதல் வரிசை முழுக்கச் செம்புச் சாமான், அதன் மேல் விரல் கனத்துக்குத் தூசி. அவள் வரைந்த காலத்தில் எல்லா வீட்டுக்கும் செம்புக் குழாய்தான். இப்போது அதை யார் கேட்கிறார்கள்? மத்தியானத்துக்குள் குதிகால் இரண்டும் கொதித்தன. இரண்டு மணிக்கு முப்பத்தொன்றில் சீட்டுக்கு ஆறு எடுத்தவள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு கை அள்ளிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பை கலகலத்தது. பேக்கிங் மேஜையருகே உட்கார்ந்திருந்த எம்மெட் தலையை நிமிர்த்தினான்.

“என்ன லோர்னா, பை கனமா இருக்கு போல?”

அவள் முகம் சிவந்துவிட்டது. அவ்வளவு வெட்கம் அவள் வாழ்நாளில் பட்டதில்லை. பையைக் கவிழ்த்தாள். எல்போக்களோடு மடித்த தாளும் மேஜையில் விழுந்தது. தன் பெயரைப் பார்த்ததும் எம்மெட்டின் சிரிப்பு நின்றுவிட்டது.

“என் முட்டி நிலைமை உனக்குத் தெரியும்,” என்றான் மெதுவாக.

“தெரியும்ப்பா. ஆனா எவ்வளவு தூரம்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அந்த ஒரு சாமானுக்கே ஒன்பது தடவை போயிட்டு வந்துட்டேன்.”

நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். தாளைத் திருப்பி, வெறுமையாயிருந்த பின்பக்கத்தில் நீளமாக ஒரு கட்டம் போட்டு, பென்சிலை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“முதல் வரிசையில என்ன வைக்கணும்? நீயே எழுது.”